குழைத் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும்

(தோட்டக் குடும்பங்களுக்கான வீட்டுத்தோட்டக் கூட்டமொன்றில், யாழ்ப்பாணம் திருநெல்வேலியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவருடைய பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். கேட்டதும் சிலர் நிமிர்ந்து பார்த்தீர்கள். காரணம் விளங்குகிறது. உங்களில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். நான் வந்தது அந்தத் திருநெல்வேலியில் இருந்து இல்லை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து இரண்டு கட்டைத் தூரத்தில், நல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலி. எங்கள் சனத்தின் வாயில் அது 'தின்னவேலி' ஆகிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். விடியற்காலையிலேயே கீரையும் கத்தரிக்காயும் வந்து குவியும் பெரிய மரக்கறிச் சந்தையும் உண்டு.

நான் இன்றைக்குப் பேச வந்தது வீட்டிலேயே செய்கிற திரவப் பசளை பற்றி. வாளியில் ஊறவைத்து, செடிக்கு ஊற்றுகிற உரத் தண்ணி. அதைச் செய்ய அரை மணித்தியாலம் போதும். ஆனால் எங்கள் ஊர்க் கிணறுகளுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்த வாளிக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் முதலில் கிணறு, பிறகு வாளி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஓடை சத்தம் போடுகிறது. எங்களுக்கு மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புக்குள்ளே இறங்கித் தங்கும். அதைத்தான் கிணறு வெட்டி எடுக்கிறோம். குடிக்கிறதும் அந்தத் தண்ணி, குளிக்கிறதும் அந்தத் தண்ணி, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கிறதும் அந்தத் தண்ணி.

பழைய காலத்தில் எங்கள் தோட்டக்காரர் மண்ணுக்குப் போட்டதெல்லாம் குழையும் எருவும்தான். பூவரசங்குழை, வேலியில் நிற்கிற கிளிசரியாக் குழை, பனையோலை எல்லாவற்றையும் வெட்டிக் கிடங்கில் போட்டு மண்ணால் மூடுவார்கள். 'குழை தாட்டல்' என்று அதற்குப் பெயர். அறுவடை முடிந்த வெறுந்தரையில் ஆடுமாடுகளை இரவில் பட்டி அடைப்பார்கள். காலையில் நிலம் சாணமும் மூத்திரமுமாக இருக்கும். புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுவதும், மீன் கழுவின தண்ணியைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவதும் வீட்டுப் பெண்களின் வேலை. திரவப் பசளை என்ற பெயர் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. காரியம் மட்டும் நடந்தது.

பிறகு உரப்பை வந்தது. 1970-களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது எங்கள் ஆட்களுக்கு நல்ல காசு வந்தது. காசு வந்ததும் யூரியா கூடியது. ஒரு பிடி போட்டால் இலை கறுத்து வளருகிறதென்றால் இரண்டு பிடி போடத்தானே மனம் சொல்லும்? 1980-களின் தொடக்கத்திலேயே கிணற்றுத் தண்ணியைச் சோதித்தவர்கள் எச்சரித்தார்கள். நைத்திரேற்று என்ற உப்பு பல கிணறுகளில் அளவுக்கு மேல் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணியில் பால்மா கரைத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற சக்தி குறைந்து, உதடும் விரல் நுனியும் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தாலும் இந்த உப்பு போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் இறுகும்.

ஒன்றைக் கவனியுங்கோ. அந்த நைத்திரேற்று யூரியாவில் இருந்து மட்டும் வந்ததில்லை. மலக்குழியில் இருந்தும் வந்தது, மாட்டெருவில் இருந்தும் வந்தது. நைதரசன் பையில் இருந்து வந்தாலும் மாட்டில் இருந்து வந்தாலும், செடி எடுத்தது போக மிச்சம் மழையோடு கீழே போகும். 'இது இயற்கைப் பசளை, எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. எங்கள் கிணறுகள் அப்படிச் சொல்லவில்லை.

1990-களில் யுத்தம் நடந்தபோது யூரியா உட்படப் பல சாமான்களை வடக்குக்குக் கொண்டுவரத் தடை இருந்தது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்குமே தட்டுப்பாடு. பசிக்குத் தடை போட முடியாதே! ஆகவே சனம் திரும்பவும் வேலிக் குழையிடம் போனது. மறந்துபோன குழை தாட்டல் திரும்பி வந்தது. பானையிலும் தகரப் பரலிலும் குழையும் சாணமும் ஊறின. உங்கள் சொந்தக்காரர் பலர் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டித் தோட்டம் செய்தவர்கள். அவர்களைக் கேட்டாலும் அந்தக் காலத்துக் கதை சொல்வார்கள்.

அப்போது நாங்கள் கற்றதை 2021இல் முழு நாடும் அவசரமாகக் கற்கவேண்டி வந்தது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்தது. நடுவில் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 29 கோடி 90 இலட்சம் கிலோ. 2022இல் அது 25 கோடி 10 இலட்சமாக விழுந்தது. கொழுந்து குறைந்தால் உங்கள் கூடைதான் முதலில் காலியாகும். ஆதலால் இதையும் நேராகவே சொல்கிறேன்: நான் காட்டப்போகிற வாளிப் பசளை தேயிலை மலைக்கு மாற்று இல்லை. ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் நைதரசன் இருக்கிறது. அதே அளவு பச்சைச் சாணத்தில் எடுக்க வேண்டுமென்றால் 100 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். ஒரு மலைக்கு எத்தனை லொறி சாணம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கோ.

ஆனால் ஒரு பேர்ச் பாத்திக்கு? அங்கேதான் கணக்கு மாறுகிறது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அந்த இடத்தில் கீரையும் போஞ்சியும் போட்டு எடுத்தால் ஒரு போகத்துக்கு 150இல் இருந்து 250 கிராம் வரை நைதரசன் தேவைப்படும். தலையில் சுமக்கிற ஒரு கட்டுக் குழை, 20 கிலோ என்று வையுங்கோ, அதிலேயே ஏறக்குறைய 150 கிராம் இருக்கிறது. மலையில் முடியாதது லயத்துப் பாத்தியில் முடியும். அதற்கு யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை.

எதற்காக இந்தப் பாத்தி என்று இன்னும் சொல்லவில்லை. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 100 பிள்ளைகளில் 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று வந்தது. முழு நாட்டுக்கும் எடுத்தால் 17. இதற்குக் காரணம் பல. ஒரு கட்டுக் கீரையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என்றாலும் ரொட்டியும் சம்பலும் மட்டும் உள்ள தட்டில் நாலு நாளைக்கு ஒருதரம் கீரைச் சுண்டலும் போஞ்சிக் கறியும் விழுந்தால் அது பிள்ளைக்குப் பலம், வயிற்றில் பிள்ளை சுமக்கிற தாய்க்கும் பலம். சம்பளத்தில் வாங்குகிற கீரை வேறு. வாசலில் கிள்ளுகிற கீரை வேறு.

சரி, வாளிக்கு வருவோம்.

குழைத் தண்ணிக்கு வேண்டியது ஒரு 20 லீற்றர் வாளி. பெயின்ற் வாளி நல்லது, நன்றாகக் கழுவி எடுங்கோ. புல்லுக்கு மருந்து அடித்த கேனை மட்டும் தொடவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் உள்ளே ஒட்டியிருக்கும். போஞ்சி சுருண்டு சாகும், அதைச் சாப்பிட்டால் உங்களுக்கும் கூடாது. வெறும் கேன் சும்மா கிடைக்கிறது என்று தண்ணி பிடிக்க எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் விடுங்கோ.

எங்கள் ஊரில் கிளிசரியா எடுப்போம். உங்களுக்குப் பள்ளத்துத் தோட்டங்களில் கிளிசரியா இருக்கும்; உயரமான குளிர்ப் பக்கங்களில் அது அவ்வளவாக வராது. அங்கே வேறு ஒரு செல்வம் சும்மா நிற்கிறது. பாதையோரம், கான் ஓரமெல்லாம் மஞ்சள் பூப் பூத்து நிற்கிறதே, காட்டுச் சூரியகாந்தி, அதைத்தான் சொல்கிறேன். களை என்று வெட்டி எறிகிறீர்கள். கென்யாவில் அதைப் பயிருக்குப் பசளையாகப் போட்டு நிறைய ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். காய்ந்த இலை 100 கிராமில் மூன்றரைக் கிராம் நைதரசன், நாலு கிராமளவு பொற்றாசியம். பொற்றாசியம் என்றால் காய்க்கும் கிழங்குக்கும் வேண்டிய சத்து. தோட்டத்தில் நிற்கிற முள்முருங்கை இலையும் நல்லது.

இலையும் இளந்தண்டும் மட்டும் எடுங்கோ. காட்டுச் சூரியகாந்தியின் முற்றின தண்டை விடுங்கோ. மண்ணில் விழுந்தால் வேர் பிடித்து உங்கள் பாத்தியையே பிடித்துக்கொள்ளும். விதை முற்றின பூவும் வேண்டாம். கீரை அரிகிற மாதிரிக் குழையை அரிந்து நாலு ஐந்து கிலோ வாளியில் அமுக்கி, மேலே ஒரு கல் வைத்து, தண்ணியால் நிரப்புங்கோ. பழைய உரப்பைத் துணியாலோ சாக்காலோ வாயை மூடிக் கட்டுங்கோ. மூடி இருந்தால் இறுக்கி அடைக்க வேண்டாம், உள்ளே வாயு உண்டாகும். மூடாமலும் விட வேண்டாம். நுளம்பு முட்டை போடும், இலையான் மொய்க்கும். எல்லாவற்றையும்விட, தவழுகிற பிள்ளை வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் ஒரு நிமிசம் போதும். வாளியை உயரத்தில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில், வேலியடைத்து வையுங்கோ.

இரண்டு நாளுக்கு ஒருதரம் தடியால் கிண்டி விட வேண்டும். எங்கள் ஊர்ச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நாளில் குழை கரைந்துவிடும். இங்கே அப்படி இல்லை. குளிருக்குக் கிருமி மெதுவாகத்தான் வேலை செய்யும். பதுளைப் பக்கம் இரண்டு மூன்று கிழமை, நுவரெலியாப் பக்கம் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. நாளைக் கணக்குப் பார்க்கிறதைவிடக் குழையைப் பார்க்கிறது நல்லது. விரலால் நசித்தால் நரம்பு மட்டும் மிஞ்ச வேண்டும்.

வடித்தெடுத்த தண்ணியை அப்படியே ஊற்றினால் வேர் கருகும். ஒரு பால் டின் கரைசலுக்குப் பத்து டின் தண்ணி. நாற்றென்றால் இருபது டின். அளக்க ஒன்றும் கையில் இல்லையா? நிறத்தைப் பாருங்கோ. நாங்கள் தேத்தண்ணி என்கிறதை நீங்கள் சாயத்தண்ணி என்கிறீர்கள். பால் விடாத, கொஞ்சம் வெளிறின சாயத்தண்ணியின் நிறம் வந்தால் சரி. சாயம் பார்க்கிற கண் உங்களைவிட வேறு யாருக்கு இருக்கிறது!

ஒரு செடிக்கு ஒரு டின், பத்து நாளைக்கு ஒருதரம். பெரிய கத்தரி, தக்காளிக்கு இரண்டு டின். மண் ஈரமாக இருக்கிறபோது ஊற்றுங்கோ; காய்ந்த மண்ணில் ஊற்றினால் முதலில் பச்சைத் தண்ணி ஊற்றிவிட்டு இதை ஊற்றுங்கோ. வாளியில் மிஞ்சுகிற சக்கையை எறிந்தால் பாதிச் சத்தை எறிந்த மாதிரி. தண்ணியில் இறங்கினது ஒரு பங்குதான். சக்கையைப் பாத்தியில் பரப்பி மேலே கொஞ்சம் மண் தூவுங்கோ, இல்லாவிட்டால் கூட்டெருக் குழியில் போடுங்கோ.

மாடு வைத்திருக்கிறவர்களுக்குச் சாணக் கரைசல் இன்னும் சுலபம். தமிழ்நாட்டில் 'அமுதக் கரைசல்' என்று ஒன்று செய்கிறார்கள். 20 லீற்றர் தண்ணிக்கு ஒரு கிலோ புதுச் சாணம், ஒரு லீற்றர் மாட்டு மூத்திரம், 25 கிராம் சர்க்கரை. ஒரு நாள் ஊறவிட்டு, பத்து மடங்கு தண்ணி கலந்து வேரில் ஊற்றலாம். மூத்திரத்தை ஓடவிடாமல் பட்டித் தரையைக் கொஞ்சம் சரிவாக்கி ஒரு பாத்திரத்தில் பிடியுங்கோ. சாணத்தைவிட அதில்தான் நைதரசன் கூட.

பஞ்சகவ்வியம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈரோடு மாவட்டம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் அதைப் பயிருக்குப் பயன்படுத்தி ஊர் ஊராகப் பரப்பினார். சாணம், மூத்திரம், பால், தயிர், நெய் என்ற ஐந்தோடு இளநீரும் வாழைப்பழமும் சேரும். நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 100க்கு 32 பிள்ளை வளர்த்தி குறைந்த இடத்தில் பாலையும் நெய்யையும் வாழைப்பழத்தையும் பரலில் ஊற்றச் சொல்ல என் வாய் வராது. பால் பிள்ளைக்கு, சாணம் பாத்திக்கு. புண்ணாக்கும் அப்படித்தான். நிலக்கடலைப் புண்ணாக்கில் ஏழு வீதம் நைதரசன் இருக்கிறது, செடி துள்ளி வளரும். அதைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் மாட்டுக்குக் கொடுங்கோ. பாலும் கிடைக்கும், சாணமும் கிடைக்கும்.

அடுப்புச் சாம்பலை மறக்க வேண்டாம். விறகுச் சாம்பலில் பொற்றாசியம் உண்டு. உங்கள் மண்ணுக்கு அது இன்னொரு உதவியும் செய்யும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புகிற செடி, மரக்கறி அப்படியில்லை. புளிப்பு மண்ணில் எவ்வளவு பசளைத் தண்ணி ஊற்றினாலும் போஞ்சி மஞ்சளாகவே நிற்கும், நீங்கள் வாளியைக் குறை சொல்வீர்கள். கவ்வாத்து வெட்டின பிறகு மலைக்கு டொலமைற் போடுகிறார்களே, அந்தப் புளிப்பை முறிக்கத்தான். பாத்திக்கும் அது நல்லது. கிடைக்காவிட்டால் சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கொத்திவிடுங்கோ. எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணுக்கு நாங்கள் இவ்வளவு சாம்பல் போட மாட்டோம். ஊருக்கு ஊர் மண் வேறு. ஆனால் சாம்பலை வாளிக்குள் மட்டும் போடாதேங்கோ. மூத்திரத்தோடு சாம்பல் சேர்ந்தால் நைதரசன் ஆவியாகப் பறந்துவிடும், மூக்கை எரிக்கிற அந்த மணம்தான் அது. ஷொப்பிங் பை எரித்த சாம்பலும் வேண்டாம்.

இனி நான் கிணற்றுக் கதை சொன்னதற்கான காரணம். உங்களிடம் கிணறு இல்லை, ஊற்றும் பீலியும் இருக்கிறது. ஊற்றுக்கு மேல்பக்கத்தில் சாண வாளி வைத்தாலோ பாத்தியில் அளவுக்கு மேல் ஊற்றினாலோ, ஒரு மழையில் அது கானில் இறங்கி, கீழ் லயத்தின் பீலிக்குப் போய்விடும். எங்களுக்குக் கிணற்றில் உப்பு சேரப் பல வருடம் எடுத்தது. உங்களுக்குச் சாணத்துக் கிருமி குடிதண்ணியில் சேர ஒரு பின்னேர மழை போதும். வயிற்றோட்டம் வந்தால் முதலில் வாடுவது, நாங்கள் கீரை ஊட்ட நினைத்த அதே பிள்ளை. அதனால் வாளியும் எருக்குழியும் எப்போதும் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம், தூரத்தில். மழை இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில் ஊற்ற வேண்டாம். சரிவில் நிற்கிற செடிக்கு, மேல்பக்கமாக ஒரு சாண் தள்ளிச் சின்னக் குழி எடுத்து அதில் ஊற்றினால் தண்ணி வேருக்கு இறங்கும், கானுக்கு ஓடாது.

வல்லாரை, பொன்னாங்காணியைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள் அந்தப் பாத்திக்குச் சாணக் கரைசல் ஊற்றவே வேண்டாம். குழைத் தண்ணி போதும், அதுவும் இலையில் படாமல் வேரில். மற்றக் கீரைக்கும் பறிக்கிறதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே நிறுத்துங்கோ. பறித்ததை நல்ல தண்ணியில் இரண்டு மூன்று தரம் அலசுங்கோ. ஊற்றின கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ.

எப்போது நிறுத்துவது என்று செடியே சொல்லும். அடி இலை முதலில் மஞ்சளானால் நைதரசன் போதாது, ஊற்றலாம். இலை கரும்பச்சையாக, கொழுகொழுவென்று வளர்ந்து பூவும் காயும் வராமல் நின்றால் கூடிப்போய்விட்டது. தக்காளியும் மிளகாயும் பூக்கத் தொடங்கினதும் அளவைப் பாதியாக்குங்கோ.

இப்போது நீங்கள் துண்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

'நாறாதா? பக்கத்துக் காம்பராவில் சண்டைக்கு வருவார்கள்' என்று ஒருவர். நாறும். இரண்டு நாளுக்கு ஒருதரம் கிண்டினால் நாற்றம் குறையும், கிண்டாமல் விட்ட வாளிதான் ஊரைக் கூட்டும். லயத்துச் சுவரோடு வைக்காதேங்கோ. முதல் கீரையில் ஒரு பிடியைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுங்கோ, பாதி நாற்றம் அதோடு போய்விடும்.

'கருவாட்டுத் தலையைப் போடலாமா?' வேண்டாம். கருவாட்டில் உப்பு. உப்பு மண்ணைக் கெடுக்கும். பச்சை மீன் குடலும் செதிலும் நல்ல பசளை. வாளியில் போடாமல் ஒரு அடி ஆழத்தில் தாட்டுவிடுங்கோ. மேலாகத் தாட்டால் நாயும் காட்டுப்பன்றியும் பாத்தியோடு கிண்டி எடுக்கும்.

'பூச்சி சாகுமா?' சாகாது. இது சாப்பாடு, மருந்து இல்லை. மெத்த ஊற்றி இலை மெதுவானால் அசுவுணி கூடவே வரும்.

அடுத்தது ஒரு தங்கச்சி எழுதினது. 'விடிய மலைக்குப் போய் அந்திக்குத்தான் வருகிறேன், சமையல், துவைக்கிறது, பிள்ளை எல்லாம் நான்தான். இதுக்கு எங்கே நேரம்?' இந்தக் கேள்வியை ஆண்கள் எல்லாரும் ஒருதரம் வாசித்துப் பாருங்கோ. குழை அரிகிறது அரை மணித்தியாலம், கிண்டுகிறது ஐந்து நிமிசம், ஊற்றுகிறது பத்து நாளைக்கு ஒருதரம். இது அந்தத் தங்கச்சியின் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்தால் இரண்டாம் மாதத்தில் வாளி காய்ந்துவிடும். மத்தியானத்தோடு வேலை முடிந்து வருகிற ஐயாமார் கிண்டலாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெரிய பிள்ளை, மகனோ மகளோ, ஊற்றலாம்.

கடைசித் துண்டில், 'இடம் எங்களுடையது இல்லையே, நாளைக்கு எடுத்துவிட்டால்?' என்று இருக்கிறது. நியாயமான பயம். காணி உரிமை பற்றிப் பேச நான் தகுந்த ஆள் இல்லை, அது வேறு மேடையில் நீங்களே பேச வேண்டியது. பசளைக்காரனாக ஒன்று சொல்லலாம்: வெறும் உரப்பையில் மண்ணும் கூட்டெருவும் பாதிபாதி நிரப்பி, அதில் மிளகாய், கத்தரி, கீரை வைக்கலாம். பை உங்களுடையது, தூக்கிக்கொண்டு போகலாம். பையிலுள்ள மண்ணின் சத்து மழைக்குச் சீக்கிரம் கரைந்து போகும். அதனால் நிலத்துப் பாத்தியைவிடப் பைக்குத்தான் இந்த வாளித் தண்ணி கூடுதலாக வேண்டும். பாதி அளவாக, ஐந்து நாளைக்கு ஒருதரம் ஊற்றுங்கோ. பையின் அடியில் நாலு துளை போட மறக்க வேண்டாம்.

பேச்சு போதும். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால், பீலிக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு வாளியும் காட்டுச் சூரியகாந்திக் கட்டு ஒன்றும் வைத்திருக்கிறோம். மூன்று கிழமைக்கு முன்னமே உங்கள் ஆட்கள் ஊறவைத்த வாளி ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திறக்கிறபோது கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கத்தி கொண்டுவந்தவர்கள் முன்னால் வாங்கோ, குழை அரிவோம்.